யூரிக் ஆசிட்டும் பெரியம்மாவின் கால் கட்டைவிரலும்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் மானம் போகும். எழுதாவிட்டால் என் குடும்பத்தார் வாயாலேயே சிங்கப்பூர் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். எப்படியும் போகிற மானம்தானே, நாமே வழியனுப்பி வைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெரியம்மா சரோஜாவுக்கு அறுபத்தேழு வயது. சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காலையில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி நடத்துவார். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று முப்பது பேர், அவர் கையைத் தூக்கினால் தூக்குவார்கள், இறக்கினால் இறக்குவார்கள். (வீட்டில் பெரியப்பா டிவி சத்தத்தைக்கூட இறக்க மாட்டார், அது வேறு கதை.) தீபாவளி ஒன்றுகூடலில் அந்த முப்பது பேரும் மேடையில் ஆடுவதாக ஏற்பாடு. மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரியம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறதாம். கூடவே ரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகமாம். பேருந்தில் இடம் தராத பையன்களை ஒரே பார்வையில் எழுப்பிவிடுகிற மனுஷி, சோபாவில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆடும்போது விழுந்து இடுப்பு கிடுப்பு ஒடிஞ்சா யார்டா பாக்கிறது? நான் வரலைன்னு சொல்லிடப் போறேன்."

அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. நானோ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். ஆனால் கையில் போன் இருந்தால் நான்தான் குடும்ப டாக்டர். மறுநாள் ஒரு புளோக்கில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது தேடினேன். வயதானவர்களில் யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பவர்களுக்கு எலும்பின் அடர்த்தியும் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன என்று ஒரு கட்டுரை கிடைத்தது. அடுத்த வரிக்குப் போவதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

வேலை முடிந்ததும் நேராகப் பெரியம்மாவிடம் போனேன்.

"பெரியம்மா, யூரிக் ஆசிட் உங்களுக்குக் கெடச்ச வரம். எலும்புக்கு அதான் சிமெண்ட். இன்னும் கொஞ்சம் ஏத்தினா போதும்."

"டாக்டர் கொறைக்கச் சொன்னாரேடா."

"அவர் படிச்சது அந்தக் காலம். இது லேட்டஸ்ட்."

சனிக்கிழமை சாயங்காலம், நண்பன் ஹக்கீமையும் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியா பக்கம் சூப் துலாங் சாப்பிடப் போனோம். ரத்தச் சிவப்புக் குழம்பில் ஆட்டெலும்பு மிதக்கும். உள்ளே இருக்கும் மஜ்ஜையை ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டும்.

ஹக்கீம் என் காதருகே வந்து, "எங்க மாமாவுக்கு இதைத் தின்னுதான் கால் வீங்குச்சு லா" என்றான்.

"உங்க மாமாவுக்கு அறிவியல் தெரியாது, நீ குடி" என்றேன்.

பெரியம்மா முழங்கை வரை சிவந்துபோக உறிஞ்சினார். இரண்டாவது தட்டும் வந்தது. "நாளைக்கு ஆடுறேன்டா" என்றார். நான் நோபல் பரிசுக்கு எந்தச் சட்டை போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய வலது கால் கட்டைவிரல் தக்காளி போல் வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே துடித்தார். கிளினிக்கில் ஒரு தமிழ் டாக்டரம்மா, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். பெரியம்மா என் பக்கம் கையை நீட்டினார். நான் அறிவியலை விளக்கினேன்.

"அப்படிச் சில ஆய்வு இருக்கு தம்பி" என்றார் டாக்டரம்மா. "ரெண்டும் சேர்ந்து காணப்படுதுன்னுதான் சொல்றாங்க. யூரிக் ஆசிட்ட ஏத்தினா எலும்பு கெட்டியாகும்னு சொல்லலை. அது மூட்டுல போய்ப் படிஞ்சா இப்படித்தான் வீங்கும். அந்தக் கட்டுரையிலயே கீழ போட்டிருப்பாங்களே, படிக்கலையா?"

"லிஃப்ட் வந்துருச்சு டாக்டர்."

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். பெரியம்மாவுக்கு மட்டும்தான். எனக்கு மருந்து இல்லை போலிருக்கிறது.

ஆட்டம் அவ்வளவுதான், முப்பது பேர் உழைப்பையும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிவிட்டேன் என்று நான் தலையைத் தொங்கப் போட்டபடி டாக்சிக்குக் காத்திருந்தேன். பெரியம்மா சொன்னார்: "சாயங்காலம் மேடையில எனக்கு ஒரு நாற்காலி போடு."

"விழுந்துட்டீங்கன்னா?"

"ஒக்காந்திருக்கிறவ எங்கடா விழப்போறா?"

பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, தலையணை மேல் வீங்கிய கால். பாட்டு ஆரம்பித்ததும் உட்கார்ந்தபடியே ஆடினார். கை ஆடியது, தோள் ஆடியது, புருவம்கூடத் தாளம் தவறாமல் ஆடியது. இரண்டு நல்ல காலை வைத்துக்கொண்டு நான் அப்படி ஒரு ஆட்டம் ஆடியதில்லை. பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த சீனக்கார லிம் ஆன்ட்டி அவரைப் பார்த்தார். "ஐயோ, மீ ஆல்சோ சிட் லா" என்று கீழே இறங்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். பாட்டு பாதியைத் தாண்டுவதற்குள் முப்பது பேரும் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர்களுக்கு நாற்காலியே மிச்சமில்லை, எழுந்து நின்றுதான் கைதட்டினார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாராட்டியது என்று பெரியம்மா இன்றும் சொல்லிக்கொள்கிறார். பொய் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது புதன்கிழமைதோறும் புளோக்குக்குக் கீழே நாற்காலிப் பயிற்சி. முட்டிவலி என்று கீழேயே இறங்காதவர்கள்கூட வருகிறார்கள். பெரியம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், சூப் துலாங் கடை இருக்கும் தெருப்பக்கமே திரும்புவதில்லை. நான் போனைப் பார்த்து, "இது தெரியுமா?" என்று வாயைத் திறந்தால் போதும், வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "லிஃப்ட் வந்துருச்சா?" என்கிறார்கள்.

எழுதி முடித்ததும் ஹக்கீமுக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"பாதி படிச்சிட்டேன் லா, சூப்பரா இருக்கு."