உறைந்த கடலில் பெல்ட் இல்லாமல்

கடல் உறைந்து, அதன்மேல் சாலை திறந்து ஒரு வாரம் ஆனபோது கால்யோ ஒரு முடிவுக்கு வந்தார். மனைவி ஹில்யா மறுபடியும் தன் காரில் ஏறுவாள். தான் சீட் பெல்ட் போடமாட்டார். இரண்டும் நடக்கும்.

இலையுதிர் காலத்தில் காட்டு வளைவில் ஒரு மான் குறுக்கே வந்தது. மானுக்கு ஒன்றுமில்லை. கார் பள்ளத்தில் இறங்கியது. கால்யோவின் நெற்றி முன்கண்ணாடியில் ஒரு நட்சத்திரத்தை வரைந்தது. பக்கத்தில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்த ஹில்யாவின் மூக்குக்கண்ணாடிகூட நகரவில்லை. அவருக்குத் தையல் போட்டு முடிக்கும்வரை கூடவே இருந்தாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

"நீ ஒழுங்கா பெல்ட் போடற அன்னிக்கு ஏறறேன். நீ சாகறதை முன்சீட்ல உக்காந்து பாக்க எனக்குத் தெம்பில்ல."

அவர் போடாமல் இல்லை. கார் அலறாமலிருக்க முதுகுக்குப் பின்னால் மாட்டி, அதன்மேல் சாய்ந்துகொள்வார். அவள் பார்த்தால் அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்வார்.

"காரை ஏமாத்தலாம் கிழவா. கண்ணாடியை ஏமாத்த முடியாது."

அவளுடைய சீட்டில் இப்போது உருளைக்கிழங்கு மூட்டை வந்துகொண்டிருந்தது. மூட்டைக்கும் பெல்ட் போடச் சொல்லி கார் அலறியது. மூட்டை எதற்கும் பதில் சொல்லவில்லை. கால்யோவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"அக்கரைல உன் தங்கச்சி பிறந்த நாளுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். கடல் மேல."

"பெல்ட்?"

"கடல் மேல போடக் கூடாது. சட்டம். பனிக்கட்டி உடைஞ்சா கதவைத் திறந்து குதிக்கணும்ல?"

போன ஞாயிறுதான் பாட்டுக்குழுவோடு அதே சாலையில் போய் வந்திருந்தாள் ஹில்யா. கொஞ்சம் யோசித்தாள்.

"சரி."

இவ்வளவு சுலபமாக வந்த 'சரி' அவருக்கு லேசாக உறுத்தியது. பொருட்படுத்தவில்லை.

தீவின் கரையில், பனிச்சாலை தொடங்கும் இடத்தில் காவலுக்கு நின்றவன் ரைவோ, அடுத்த வீட்டுக்காரரின் மகன்.

"பெல்ட்டைக் கழட்டிடுங்க பெரியவரே."

"போட்டாத்தானே கழட்டறதுக்கு!"

ஹில்யா தன்னுடையதைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள். "ரைவோ, இந்த ரோட்டு போர்டெல்லாம் யார் வெக்கறது?"

"நாங்கதாம்மா. பனிக்கட்டியைத் துளை போட்டு அளந்துட்டுத்தான் வெப்போம்."

"கேட்டுக்கோ," என்றார் கால்யோ. "விவரம் தெரிஞ்ச ஆளுங்க."

"அப்ப இந்த ரோட்டு போர்டு சொன்னா கேப்ப?"

"ஒரு எழுத்து விடாம."

"ரைவோ, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

பனிக்கட்டியில் நட்டு வைத்த ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடிகள் வழி காட்டின. மற்றதெல்லாம் வெள்ளை. ஹில்யா பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். வாங்கும்போது அவள் தோள் இவர் தோளில் பட்டது. ஜெயித்த மனிதனுக்குரிய அடக்கத்தோடு கால்யோ மெதுவாக ஓட்டினார்.

மறுகரை வந்தது. கரையேறும் இடத்தில் ஒரு போர்டு நின்றது.

பனிச்சாலை முடிகிறது. சீட் பெல்ட் போடவும்.

"நிறுத்து," என்றாள் ஹில்யா.

நிறுத்தினார். இந்தப் போர்டின் பக்கமாக எத்தனையோ குளிர்காலம் போயிருக்கிறார். ஒரு தடவையும் படித்ததில்லை.

"அது பொதுவா எல்லாருக்கும் எழுதினது."

"அந்த எல்லார்ல நீ இல்லையா?"

"உனக்கு இது முன்னாடியே தெரியும்."

"போன ஞாயித்துக்கிழமை பாத்தேன். மத்தவங்க பாடிட்டு வந்தாங்க. நான் படிச்சிட்டு வந்தேன்." கதவுப்பிடியில் கை வைத்தாள். "பஸ் ஸ்டாப் பக்கத்துலதான் இருக்கு. இறங்கட்டுமா?"

கால்யோ பெல்ட்டை இழுத்தார்.

"அக்குள்ல இல்ல. தோள் மேல. கீழ்ப்பட்டை தொப்பை மேல வேணாம், இறக்கு. இடுப்பெலும்புல உக்காரணும்."

மாட்டினார். அவள் பெல்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஆட்டுத்தோல் கோட்டு புஸ்ஸென்று அமுங்கியது.

"இவ்வளவும் தொளதொளப்பு. கோட்டைக் கழட்டு."

"ஹீட்டர் ரிப்பேர்! விறைச்சுப் போயிடுவேன்!"

"ஹீட்டரைச் சரி பண்ணுன்னா, 'அதான் கோட்டு இருக்கே'ன்னு சொன்னது யாரு?"

கால்யோ பெல்ட்டை விடுவித்து, கோட்டைக் கழற்றினார். பல் கிடுகிடுத்தது. ஹில்யா பையிலிருந்து சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை எடுத்தாள். மெல்லியது, உடம்போடு ஒட்டுவது, அவருடைய அளவு.

"பஸ்ல போற நேரத்துல பின்னினது. நீ என்னைக்காவது கூப்பிடுவேன்னு தெரியும்."

தலைவழியாக மாட்டிக்கொண்டார். கதகதப்பாகத்தான் இருந்தது. இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை சாய்வாக, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை ஓடியது.

"இது எதுக்கு?"

"பெல்ட் போற வழி. சிவப்பு தெரிஞ்சா நீ தப்பாப் போட்டிருக்கேன்னு அர்த்தம். இனிமே நான் கேக்கவே மாட்டேன். பாத்தாப் போதும்."

கால்யோ பெல்ட்டை மாட்டினார். குனிந்து பார்த்தார். சிவப்பு எங்கும் தெரியவில்லை.