மெந்தோல் ஐயாவின் நாக்கு

உடம்பைக் கெடுத்துக்கொண்டு புகைத்தவர்கள் இலங்கையின் ஊவா மாகாணத்தில் எத்தனையோ பேர். உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காகவே புகைத்தவர் ஒருவர்தான். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அவர் டீமேக்கர். எதிரே நின்றால் ‘ஐயா’, முதுகு திரும்பினால் ‘மெந்தோல் ஐயா’. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

டீமேக்கருக்கு நாக்குதான் மூலதனம். கொழுந்து வாடி, அரைபட்டு, சூட்டில் காய்ந்து தூளாகி வந்ததும் அதைக் கோப்பைகளில் ஊற்றி, உறிஞ்சி, துப்பி, தீர்ப்புச் சொல்பவர் அவரே. அவர் உறிஞ்சும் ஓசையைப் பதுளை ரயில் சுரங்கத்துக்குள் நுழைவதோடு ஒப்பிடுவார்கள். ரயிலுக்கு அது அநீதி என்பது என் கருத்து.

தேயிலை, பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே தொழிற்சாலைக்குள் வாசனை விஷயத்தில் ஐயா சர்வாதிகாரி. நெற்றியில் தைலம் பூசி வந்த பெண் ஒருத்தியை ஒருநாள் வாசலிலேயே மறித்தார்.

“ஏம்மா, தேயிலைக்கா தலவலி? போய் மூஞ்சியக் கழுவிட்டு வா!”

அவர் சட்டையிலிருந்து ஒரு புதினாத் தோட்டமே வீசிக்கொண்டிருந்தது. “உங்க மேலயும் வாசம் வருதுங்களே ஐயா?” என்றாள் அவள்.

“என்னுது மருந்து.”

“தைலமும் மருந்துதானுங்க.”

“அது வெளிய பூசுறது. இது உள்ளுக்குப் போறது. உள்ளுக்குப் போனது எப்படி வெளிய மணக்கும்? போ, போ!”

அது மருந்தான வரலாறு சுருக்கமானது. முன்பு அவர் நாளொன்றுக்கு மூன்று சாதாரண சிகரெட் புகைத்தார். இருமல் பிடித்தது. பயந்துபோய், மெந்தோல் கலந்த சிகரெட்டுக்கு மாறினார். தொண்டை குளிர்ந்தது, இருமல் அடங்கியது. மருந்து வேலை செய்கிறது என்று தீர்மானித்து அளவைக் கூட்டினார். சளி, தடிமன் பிடித்தால் இரட்டிப்பு அளவு. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று, கண்களை மூடி, வேது பிடிப்பவரைப் போன்ற பயபக்தியோடு உட்கொள்வார். காலையில் உடைத்த பெட்டி மாலையில் வெறுமையாயிற்று.

நான் அவருடைய நண்பன், இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவன். சும்மா இருக்க முடியவில்லை. மெந்தோல் எதையும் குளிர்விப்பதில்லை, குளிரை உணரும் நரம்பைத் தூண்டித் தொண்டையை ஏமாற்றுகிறது, காறல் தெரியாததால் புகையை இன்னும் ஆழமாக இழுக்கிறீர்கள், விடுவதும் அதனால் கடினமாகும் என்று ஒரு முழுப் பாடவேளைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க புத்தகத்தச் சொல்றீங்க சேர். நான் நெஞ்சச் சொல்றேன்.”

அந்த நெஞ்சோ, எங்கள் வீட்டுக்கு ஏறி வரும் பாதையில் இருபதடிக்கு ஒருமுறை அவரை நிறுத்தியது. “என்ன அண்ணே, முடியலையா?” என்று மேலிருந்து என் மனைவி கேட்பாள். அவளும் ஆசிரியைதான்.

“காட்சி பாக்குறேன் டீச்சர்!”

முப்பது ஆண்டுகள் அதே மலையில் வாழ்ந்தவருக்கு இயற்கை மீது அப்போதுதான் காதல் பிறந்திருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கொழும்பில் தேயிலை வாங்குபவர்களிடமிருந்து தோட்டத்தை நடத்தும் துரைக்குப் புகார் வந்தது: தேயிலை கருகியிருக்கிறது. ஐயா மழையைக் குறை சொன்னார், விறகைக் குறை சொன்னார், அடுப்பைத் திட்டினார். இரண்டாம் புகாரும் வந்தது. ஆறு வாரத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து உடனிருந்து சுவைப்பார், அதில் ஐயா தவறினால் அவர் இடத்துக்கு வேறு ஆள் என்று துரை சொல்லிவிட்டார். அன்று மாலை ஐயா எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார்.

“நாளைக்குக் காலைல வாங்க அண்ணே. நாம முதல்ல ஒருக்கா பாத்துருவோம்,” என்றாள் என் மனைவி.

மறுநாள் மேசையில் ஐந்து கோப்பைகள். ஐயா தோள்களைத் தளர்த்திக்கொண்டு சுவைக்க இறங்கினார். எங்கள் ரோஜாத் தொட்டி ஐந்து முறை நனைந்தது. மூன்றாம் கோப்பையில் முகம் மலர்ந்தது.

“இதுதான் சேர் தேயிலை! என்னா பக்குவம்!”

அது, என் மனைவி வெறும் சட்டியில் போட்டு வேண்டுமென்றே கருக்கிய தூள். ஐந்தாம் கோப்பையை நெடுநேரம் யோசித்தார்.

“இது நம்ம மலையில்ல. கீழ்நாட்டுச் சரக்கு. கொஞ்சம் லேசு. ஆனா நேர்மையான தேயிலை.”

“அது ஆவாரம்பூத் தண்ணி, அண்ணே.”

சிரிப்பு என் தொண்டை வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. கோப்பையைத் திரும்ப எடுத்து, மெதுவாகக் குடித்து, விழுங்கியும் பார்த்தார்.

“ஒண்ணும் தெரியலையே டீச்சர்,” என்றார், மிகச் சன்னமான குரலில்.

“சிகரெட்தான் நாக்க மழுக்கிருச்சு அண்ணே. பெட்டிய வச்சிட்டுப் போங்க.”

வைத்துவிட்டுப் போனார். அரைமணி நேரத்தில், மறந்துவிட்ட குடையை எடுக்க வந்தார். அன்று அவர் குடை கொண்டுவரவில்லை. என் மனைவி எங்கள் குடையைக் கொடுத்து அனுப்பினாள், பெட்டியைக் கொடுக்கவில்லை.

பத்து நாட்கள் கழித்து வெற்றி முழக்கத்தோடு வந்தார். பயங்கரமாக இருமிக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா? விட்டேன், இருமல் திரும்பி வந்துருச்சு! அது மருந்துன்னு அப்பவே சொன்னேன்ல?”

“திரும்பி வரல அண்ணே. அது போகவே இல்ல. நீங்கதான் அது வாயப் பொத்தி வச்சிருந்தீங்க.”

அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். என் ஒரு பாடவேளை செய்யாததை அவளுடைய மூன்று வாக்கியங்கள் செய்தன. மறுநாளே பதுளையில் வைத்தியரிடம் அழைத்துப்போனோம். மூச்சுக்குழாய் புண்பட்டிருக்கிறது, வேறு விபரீதம் இல்லை, இனிமேல் தொடாமல் இருந்தால் போதும் என்றார் அவர். ஐயா வெளியே வந்து, முன்பின் தெரியாத ஒரு முச்சக்கரவண்டிச் சாரதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பின்னும் இருமுறை வழுக்கினார். இரண்டையும் தானே வந்து ஒப்புக்கொண்டார். காலைகளில் எங்கள் மேசையில் கோப்பைகள் தொடர்ந்தன. நான்காம் வாரம் ஆவாரம்பூவை வாயில் வைத்ததும் துப்பி, “டீச்சர், இன்னுமா இது தீரல?” என்று சீறினார். நாங்கள் மூவரும் வெகுநேரம் சிரித்தோம்.

சோதனை நாளன்று அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். பாதையின் வளைவிலிருந்தே குரல் கேட்டது.

“டீச்சர்! கருகல நான்தான் மொதல்ல புடிச்சேன்! கொழும்புக்காரன் ரெண்டாவது!”

என் மனைவி உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த இரவு எங்கள் வீட்டில் மூன்று பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

சென்ற மார்கழியில் அவள் காலமானாள். ஐயா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சிகரெட்டைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கேட்காமலே அடுப்படிக்குள் போய்த் தேநீர் தயாரிக்கிறார். முதலில் தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் உறிஞ்சுகிறார். பிறகுதான் என் கோப்பையை நீட்டுகிறார்.

“நல்லா இருக்கு சேர். குடிங்க.”

எனக்குச் சில மாதங்களாக எதிலும் ருசி தெரிவதில்லை. அவருக்குத் தெரிகிறது என்பதால் குடித்துவிடுகிறேன்.