காலியிடம் கேட்காமல் விட்ட கேள்வி

பெங்களூரில் யாரையும் பாதிப் பேச்சோடு தப்பிக்க விடாத ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் 'காலியிடம்'தான். பேச்சில் காலியாக விட்ட இடத்தைக் கேட்டு நிரப்பாமல் விடமாட்டார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது; பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மோடம் கீச்சிட்டு இணையத்தைக் கூப்பிட்ட காலம். அல்சூரில் ஒரு மாடியில் உட்கார்ந்து கம்பெனிகளுக்கு வெப்சைட் நடத்திக் கொடுத்தோம். வெப் சர்வருக்கு ஒரு கட்டளைக் கோப்பு உண்டு. வரிக்கு ஒரு கட்டளை, பக்கத்திலேயே அதற்கான விவரம். அவசரத்தில் கட்டளையை எழுதிவிட்டு, விவரத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். சர்வர் படுத்துவிடும். வெறுத்துப்போன காலியிடம் ஒரு சோதனை புரோகிராம் எழுதினார். விவரம் இல்லையென்றால் அது சர்வரைக் கிளம்பவே விடாது. "பன்னிரண்டாம் வரி. போர்ட் என்கிறாய். எந்த நம்பர் போர்ட்?" என்று திரையில் கேட்கும்.

பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றின் வெப்சைட் திறப்பு விழாவன்றும் கேட்டது. மாலையோடு முதலாளி காத்திருந்தார். எங்கள் மேனேஜர் கெஞ்சினார்.

"அந்த சோதனை புரோகிராமை எடுத்துடுப்பா. சொல்ப அட்ஜஸ்ட் மாடி."

"எதை சார் அட்ஜஸ்ட் பண்ணணும்? கொஞ்சம்னா எவ்ளோ?"

கேசரி ஆறிய பிறகுதான் வெப்சைட் திறந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் "முந்தே ஹோகி" என்றால், முன்னால் போவதற்குள் "எது வரைக்கும்?" என்பார். "டிரைவர் மடி வரைக்கும் போ சாமி" என்று ஒருவர் அலுத்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் மேல்தான் எனக்கு மனசு போனது. அதற்குள் வீட்டில் வேலூர் மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் காலியிடத்திடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வராங்க."

யார், எங்கிருந்து, எத்தனை பேர் என்று அடுக்குவார் என நினைத்தேன். மனிதர் ஒன்றுமே கேட்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை... உங்க வீட்டுக்கு..."

அதோடு நின்றுவிட்டது.

"விவரம் விட்டுப்போச்சு," என்றேன். "யாரு வராங்க? எதுக்கு?"

"நான். எங்கம்மாவோட. உங்களைப் பொண்ணு கேக்க."

"எத்தனை மணிக்கு?"

"அவங்க வர்றதுக்கு முன்னாடி."

இன்றும் "கடைக்குப் போய்ட்டு வாங்க" என்று அனுப்பினால், பாதிப் படி இறங்கிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்து "என்ன வாங்கணும்?" என்கிறார். முதலிலேயே சொல்லி அனுப்பலாம்தான். அவர் திரும்பி வந்து வாசலில் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.