ஒரு கம்பியை எடுத்தது யார்?

செமினார் அறையில் பேராசிரியர் இருந்தார், எம்.எஸ்ஸி. வேதியியல் மாணவர்கள் பதினொரு பேர் இருந்தோம், கடைசி பெஞ்சில் டவுட்டு இருந்தார். என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அன்று கரும்பு வெட்டு.

விழுப்புரம் மாவட்டத்திலேயே டவுட்டு அளவுக்குச் சந்தேகப்படும் மனிதர் கிடையாது. திண்டிவனத்தில் கம்பிவலையில் கோழிக்கூண்டு கட்டுபவர். பத்து ரூபாய் நோட்டையும் கள்ளநோட்டா என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பார். டீயில் இனிப்பு கூடினால், "எத்த மறைக்க இவ்ளோ சர்க்கரை?" என்பார்.

என் செமினார் தலைப்பு, கார்பன் நுண்கூம்புகள். தேறாவிட்டால் ஒரு வருடம் போச்சு. ஆங்கிலம் எனக்கு வாயில் நிற்காது. மாதிரி இருந்தால் காட்டியாவது பிழைக்கலாம். கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகக் கைகோத்த தாள், பார்க்க அப்படியே கோழிவலை. அதில் நடுவிலிருந்து ஆறில் ஒரு பங்கை, கேக் துண்டு போல, வெட்டி விளிம்புகளைச் சேர்த்தால் அகலமான கூம்பு. கூடுதலாக வெட்ட வெட்ட முனை கூராகும். மொத்தம் ஐந்தே வகை. செமினாருக்கு முதல் நாள் டவுட்டிடம் போய், கோழிவலையில் அந்த ஐந்தையும் செய்து தரச் சொன்னேன்.

"இதுல இன்னாடா புடிக்கப் போற? இந்த ஷேப்புல கோழி இல்லியே."

"பரீட்சைக்குண்ணே."

"பரீட்சைல கூண்டு கேக்குறானா? எந்தக் காலேஜுடா அது? அஞ்சுதான்னு எவன் சொன்னான்?"

ஆறாவதாக ஒன்று செய்து காட்டுகிறேன் என்று அந்த ஆறில் ஒரு பங்கிலும் பாதியை மட்டும் வெட்டினார். விளிம்புகளில் கம்பியோடு கம்பி சேரவே இல்லை. வலையை முறைத்தார்.

பிறகு முதல் கூம்பின் முனையை எண்ணினார். முகம் மாறியது.

"எல்லா ஓட்டைக்கும் ஆறு பக்கம். இதுக்கு அஞ்சு. ஒரு கம்பிய எடுத்துக்கினியா?"

என் பையைக் கவிழ்த்தார். பேனாவும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. சமாதானமாகாமல், வெட்டிப்போட்ட துண்டை எடுத்துப் பார்த்தார். அதன் நுனியில் இருந்தது அந்த ஆறாவது பக்கம்.

"அட, இதுகூடவே வந்துகீது!"

மறுநாள் கூம்புகளைத் தானே சுமந்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார். என்னிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

பேராசிரியர் கூம்பின் முனையைத் தொட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: இங்கே மட்டும் ஏன் ஐங்கோணம்? நான் கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஒரு கை அந்த வெட்டிய துண்டைத் தூக்கியது.

"சொல்லு தம்பி! எவனும் திருடலன்னு சொல்லு!"

அறையே சிரித்தது. என் பயம் விட்டது. ஓர் அறுகோணத்தின் நடுவிலிருந்து வெட்டுகிறோம், ஆறாவது பக்கம் துண்டோடு போய்விடுகிறது என்று தமிழிலேயே சொன்னேன். பேராசிரியர் "பாஸ்" என்றார்.

வாசலில் கூலியாக மூன்று ஐம்பது ரூபாய் நோட்டுகளை நீட்டினேன். பழக்கத்தில் வெயிலுக்கு உயர்ந்த டவுட்டின் கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், நூற்றைம்பது ரூபாயையும்.