மச்சினன் கொடுத்த அகலச் சக்கரங்கள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் வோல்கர் அவர்களின் சமூகத்திற்கு, ஐஃபல் மலையிலிருந்து தங்கள் அக்காள் கணவன் ஏவால்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே காருக்கும் எனக்கும் சுகமில்லை. கொலோனில் தாங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொன்னவருக்கு என்றைக்கு என்ன வந்திருக்கிறது?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் அக்கா ஹில்டகார்ட் இனி என் காரில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் செய்யலாம். உருளைக்கிழங்கை உரித்தபடி, சாவகாசமாகச் சொன்னாள். எங்கள் கார் சங்கத்தின் இலையுதிர்கால மலையோட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து இருக்கையில் நேரம் பார்க்க ஆள் இல்லாத காரை அவர்கள் சேர்க்க மாட்டார்கள். ஓட்டம் கிடக்கட்டும். வீட்டில் அவள் வானொலியோடு இருப்பாள், நான் பேப்பரோடு இருப்பேன். நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொள்வதே அந்தச் சிவப்புக் காரில் மலை ஏறும்போதுதான். அதில் இருப்பதே இரண்டு இருக்கை. அதில் ஒன்றைத் தாங்கள் காலி செய்துவிட்டீர்கள்.

என் பிறந்தநாளன்று பிளம் கேக்கை வாயில் அடக்கிக்கொண்டு தாங்கள் அருளியது நினைவிருக்கும். "அத்தான், இது ஸ்போர்ட்ஸ் காரா, தள்ளுவண்டியா? டயர் இவ்ளோ ஒல்லியா இருந்தா வளைவுல எப்படிப் பிடிக்கும்? என் ஷெட்ல அகலமா நாலு சும்மா கிடக்கு. போட்டுப் பாருங்க, தண்டவாளத்துல போற மாதிரி போகும்." காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க விபத்து மனுக்களைப் படிக்கிற மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். என் புத்தியை எதால் அடிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மாட்டியதும் பதிவுக்குக் கொண்டுபோனேன். நம் நாட்டில் காரின் பத்திரத்தில் ஏறாத சக்கரத்தோடு தெருவில் போகலாமா? பரிசோதகர் வந்தார், குனிந்தார், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பச் சொன்னார். சரக்கென்று ஒரு சத்தம். "சார், சக்கரம் வண்டிக்கு வெளியில எட்டிப் பாக்குது. திருப்பினா மட்கார்டைத் தின்னுது. இதுக்கு நான் முத்திரை குத்தினா, அப்புறம் என் பென்ஷனுக்கு யார் முத்திரை குத்துவா?" என்றார். ஆகவே மட்கார்டின் விளிம்பை உள்பக்கமாக மடக்க வேண்டியதாயிற்று. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு நாளில் சுத்தியல் சத்தம் கேட்டால் எங்கள் தெருக்காரர்கள் போலீசையே கூப்பிடுவார்கள் என்று தங்களுக்குத் தெரியும். சுத்தியலுக்குத் துண்டு சுற்றித் திருடனைப் போல் தட்டினேன். பிறகு முத்திரை விழுந்தது.

தண்டவாளம் என்று சொன்னீர்களே, அதில் பொய்யே இல்லை. கல் குவாரி லாரிகள் எங்கள் ரோட்டில் இரண்டு நீளப் பள்ளம் போட்டு வைத்திருக்கின்றன. பழைய ஒல்லி டயர் அதைக் கண்டுகொள்ளாமல் தன் வழியே போகும். அகல டயரோ ஒரு பள்ளத்தைக் கண்டால் உடனே போய் இறங்கிக்கொள்கிறது. நான் இடப்பக்கம் இழுத்தால் அது வலப்பக்கம் இழுக்கிறது. ஹில்டகார்ட் கேட்டாள்: "எங்க போறோம்?" பேக்கரிக்கு என்றேன். "காருக்கு அது தெரியுமா?" என்றாள். ஸ்டியரிங்கோ மாவு பிசைகிற கனம். சக்கரமே பாறை போல் இருப்பதால் சின்னக் குழி கூட முதுகெலும்பில் வந்து கதவைத் தட்டுகிறது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இதெல்லாம் சில்லறை வோல்கர், கோடை ஓட்டத்தில் நடந்ததைக் கேள். எங்கள் சங்கத்தில் வேகமாகப் போகிறவனுக்குக் கோப்பை கிடையாது. முதல் தடவை மலை ஏற எவ்வளவு நேரம் ஆனதோ, இரண்டாம் தடவையும் அதே நேரத்தில் ஏறுகிறவனுக்குத்தான். பழைய டயரில் வெயிலானாலும் மழையானாலும் நான் ஒரே மந்தம், அதனால் வருஷா வருஷம் கோப்பை. ஒரே மாதிரி போக வேண்டிய போட்டிக்கு, பிடிப்பு கூடுகிற டயரை மாட்டிக்கொண்டு போன முதல் அறிவாளி நானாகத்தான் இருப்பேன். முதல் ஏற்றம், நல்ல வெயில். உன் டயர் ரோட்டோடு ஒட்டிக்கொண்டது, அதை மறைக்க மாட்டேன். வளைவுக்கு வளைவு நான் வாலிபனாகிக்கொண்டே போனேன். மேலே சங்கத் தலைவர் வின்ஃப்ரீட் கேட்டார்: "என்னப்பா ஏவால்ட், கழிப்பறை அவசரமா?"

பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் ஏற்றத்தில், பண்ணை வளைவில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒல்லி டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். இது அதன் மேல் ஏறி மிதந்தது. அதுவரை மாவு பிசைந்துகொண்டிருந்த ஸ்டியரிங் திடீரென்று கையில் ஒன்றுமே இல்லாதது போல் ஆகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. வேலியை ஒட்டிப் புல்லில் போய் நின்றோம். இரண்டு மாடுகள் வந்து பார்த்தன. கடிகாரம் மடியில் ஓடிக்கொண்டிருக்க, உன் அக்கா முன்கண்ணாடியையே பார்த்தபடி, "நேரம் சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். கடைசி இடம். உருளைக்கிழங்கு அன்றைக்குச் சாயங்காலம்தான் உரித்தாள்.

ஆகவே சனிக்கிழமை காலை வந்து தங்கள் சொத்தைத் தாங்களே எடுத்துச் செல்லவும். போவதற்கு முன் அக்காவிடம், எல்லாக் குற்றமும் டயருடையது, அத்தானுடையது அல்ல என்று உங்கள் வாயாலேயே சொல்லவும். அவள் பக்கத்தில் இல்லாமல் அந்த மலையில் ஏறி எனக்கு என்ன வேண்டியிருக்கிறது? தங்கள் மனைவி குட்ரூனுக்கு என் அன்பு. உங்கள் குடும்பத்துக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளும், யோசனை கேட்காத உறவினர்களும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் இருக்கையைப் பறிகொடுத்த
ஏவால்ட்

பின்குறிப்பு: வர வேண்டாம். தபால்தலை ஒட்டுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. தன் வண்டி பட்டறையில் இருக்கிறது என்று ஹில்டகார்ட் சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனாள். பேக்கரி அடுத்த தெருவில்தான். ரொட்டி ஆறி, என் வயிறும் காய்ந்த பிறகு, தலை கலைந்து முகம் சிவந்து வந்து சேர்ந்தாள். மலை உச்சி வரை போனாளாம். "டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சேன். நீ லாரிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சு வெச்சிருக்க. அப்புறம் அது இழுத்தா நீ எதுக்கு எதிர்த்து இழுக்கற? லேசாப் பிடிச்சா தானா நேராப் போகுது." ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு வின்ஃப்ரீடிடம் பெயர் கொடுத்தாகிவிட்டதாம். ஓட்டுபவர் அவள், நேரம் பார்ப்பவர் நான், சக்கரங்கள் அதே சக்கரங்கள். "அப்போ இந்த டயரைக் கண்டு உனக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டேன்.

"டயரைக் கண்டு எப்பவுமே இல்லை, ஏவால்ட்" என்றாள்.