கொக்கி சாரும் தொட்டில் பரங்கிக்காயும்

புதுக்கோட்டைச் சீமையில் ஓடிய லாரி ஒன்றுகூடக் கொக்கி சாரிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை. மாலையும் சந்தனமுமாக வந்து நிற்கும் புது லாரியின் முகத்தைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். நேராகப் பின்பக்கம் போய்க் குனிவார். மாடு வாங்கப் போனவர் சுழி பார்ப்பதுபோல அடியிலும் இடுக்கிலும் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கியபடி எழுந்திருப்பார். சாலை வேலை அலுவலகத்தில் அவர் ஸ்டோர் குமாஸ்தா. உலகத்தில் நடக்கிற விபரீதம் எல்லாம் வண்டிக்குப் பின்னால் இருக்கும் கொக்கியில்தான் ஆரம்பிக்கிறது என்பது அவர் கட்சி. சொந்தப் பெயர் என்னவென்று, கூட வேலை பார்த்த என் கணவருக்கே தெரியாது.

இப்படிப்பட்டவர் கையில் என் குடித்தனம் போய் மாட்டிக்கொண்டது.

என் கணவர் ஓவர்சியர். பொன்னமராவதிக்கு அப்பால் சாலை போடும் முகாமில், கூடாரத்தில் இருந்தார். நான் கைக்குழந்தை அமலாவோடு திருக்கோகர்ணத்தில், மாமியார் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வருவார். பிள்ளை பிடிக்கிறவனைக் கண்டதுபோலக் குழந்தை வீரிட்டு அழும். பெற்ற அப்பாவைப் பார்த்து ஒரு குழந்தை அழுவதா? மழைக்கு முன்னால் முகாமுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தேன். மழை பிடித்துவிட்டால் அந்தப் பக்கம் பாதையே சேறாகிவிடும்.

முகாமில் வீடு கிடையாது. ஆனால் அலுவலகத்தில் ஒரு சக்கர வீடு இருந்தது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட டிரெய்லர். இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தகர அறை; உள்ளே கட்டில், அடுப்பு மேடை, ஒரு ஜன்னல். லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போனால், போன இடத்தில் வீடு. எந்த லாரி என்பதைக் கொக்கி சார்தான் சொல்ல வேண்டும். "அந்த மனுசன் சரின்னு சொன்னா நீ போ," என்று அத்தை ஒப்புக்கொண்டார். கொக்கி சார் எதற்கும் சரி சொன்னதில்லை என்று தெரிந்துதான் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ஜட்கா வண்டியில் நாலைந்து பரங்கிக்காய்களோடு கொக்கி சார் வந்து இறங்கினார். குழந்தையை வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டார். வலது கையில் ஒரு காய். கண்ணை மூடி இரண்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். "காயி கனம் பத்தல," என்று வேறொன்றை எடுத்தார். அத்தை ஜெபமாலையை எடுத்துவிட்டார். ஒருவழியாகக் குழந்தையின் கனத்துக்கு ஒரு காய் அமைந்தது. எங்கள் தெருவுக்கு இழுத்து வந்திருந்த டிரெய்லருக்குள் என் பழைய சேலையில் தொட்டில் கட்டி, காயை அதில் கிடத்தி, சோதனையை ஆரம்பித்தார்.

முதலில் வந்தது பட்டாளத்து லாரி. "யானையக் கட்டுனாலும் இழுக்கும் சார்," என்றார் டிரைவர். இழுக்கத்தான் செய்தது. பின்னால் ஒன்று மாட்டியிருப்பதையே மறந்து அன்னவாசல் வரை பறந்துவிட்டுத் திரும்பினார். காய் அடுப்பு மேடைக்கு அடியில் கிடந்தது. கொக்கி சார் அதைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "யானைய இழுக்கும்யா. ஒம் புள்ளையப் படுக்கவச்சு இழுப்பியா?"

அடுத்தது வாழைத்தார் ஏற்றுகிற சின்ன லாரி. பூப்போல ஓடியது. ஆனால் முதல் மேட்டிலேயே டிரெய்லர் லாரியைப் பின்னுக்கு இழுத்தது. "பொண்ணு மாப்பிள்ளையத் தரதரன்னு இழுத்துட்டுப் போகுதே. இந்தச் சம்பந்தம் ஆகாது," என்று சொல்லியபடி சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார்.

கடைசியாக, சாலைக்குத் தண்ணீர் தெளிக்கிற லாரி. தொட்டி நிறையத் தண்ணீரோடு அசையாமல் கனத்து நிற்கும். ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போய்ப் பழக்கமில்லை. காய் தொட்டிலில் படுத்தபடியே திரும்பி வந்தது. எனக்கு உயிர் வந்தது. கொக்கி சாரோ, கொக்கி ஒரு விரல் உயரம் அதிகம் என்றார். பட்டறையில் இறக்கிக் கொடுத்தார்கள். இடப்பக்கம் முனகுகிறது என்றார். மசகு போட்டார்கள். சாயங்காலம், காயில் கீறல் தெரிகிறது என்றார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

என்னை அறியாமல் தெருவுக்கு இறங்கிவிட்டேன். "சார், இனிமே பரங்கிக்காய் போக வேணாம். நாளைக்கு நாங்க போறோம்," என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அவர் குடையை மடக்கினார். "பயமா இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"இம்புட்டு நாளும் எனக்கும் அதேதாம்மா. சரி, பயந்துக்கிட்டே போவோம்."

காலையில் புறப்பட்டோம். என் ஜன்னலிலிருந்து டிரைவர் பக்கம் வரை ஒரு கயிறு கட்டி, அந்த முனையில் மணி மாட்டியிருந்தார் கொக்கி சார். பயமாக இருந்தால் இழுக்கலாம். குழந்தை அழுததற்கு ஒரு தடவை இழுத்தேன். அழாமல் இருந்ததற்கு ஒரு தடவை. கயிறு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் லாரி நின்றது. கொக்கி சார் இறங்கி வந்து, கொக்கி சௌக்கியமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தண்ணீர்த் தொட்டியின் மேல் குடை பிடித்து, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். வழியில் எந்த ஊர் வருவதையும் அவர் பார்க்கவில்லை. எல்லா ஊரும் போவதைத்தான் பார்த்தார்.

முகாம் வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. விழித்ததும் அப்பாவைப் பார்த்து வழக்கம்போல அழுதது. அந்த வாரம் முடிவதற்குள் அவர் மீசையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டது.

வந்த மறுநாள் மத்தியானம் கொக்கி சாருக்கு விருந்து வைக்க நினைத்து, அந்தப் பரங்கிக்காயை எடுத்துக்கொண்டு அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தேன். அவர் பதறி எழுந்தார்.

"அத வெட்டாதீங்கம்மா. தொட்டில்ல போட்டு ஆட்டுன காயி. நான் எப்படித் திங்கிறது?"

ரசமும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, அதே தொட்டி மேல் ஏறிப் போனார்.

இப்போது அவர் ஓய்வு பெற்று மகள் ஊருக்குப் போய்விட்டார். எங்களுக்கு முகாம் மாறப் போகிறது. சக்கர வீட்டை இழுக்கப் புது லாரி வருகிறதாம். நேற்று அன்னவாசல் சந்தையில், இடது கையில் எங்கள் சின்னவனும் வலது கையில் ஒரு பரங்கிக்காயுமாகக் கண்ணை மூடி நின்றேன்.

"கொழம்புக்கு அது போதும்மா," என்றார் கடைக்காரர்.

குழம்புக்கு இல்லை என்று சொன்னேன்.