தட்டோடு போன கூட்டம்

குடிப்பதைவிடப் பொய் சொல்வதில்தான் நான் கெட்டிக்காரன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் முடிவுக்கு வந்தது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கியதும் நான் எங்கே போகிறேன் என்பது என் மனைவி மாலதியைத் தவிர யாருக்கும் தெரியாது. (அப்படித்தான் எனக்கு நினைப்பு.) ஒருநாள் அவள் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள். அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து எழுதிவந்த போன் நம்பர்.

"குடியை விடணும்னு நினைக்கிறவங்க வாராவாரம் கூடிப் பேசுறாங்களாம். இந்த ஞாயித்துக்கிழமை போங்க. இல்லைன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுறேன்."

கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் புடவைகளை மடித்துப் பையில் வைத்திருந்ததைப் பார்த்ததும் உண்மையாகவே பயந்துவிட்டேன்.

போன் செய்தேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் கூட்டம். "பேரு மட்டும் சொன்னாப் போதும் சார். ஊரு, தெரு எதுவும் கேக்க மாட்டோம்" என்றார் பேசியவர். எங்கள் பக்கத்தில் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஊரையும் தாத்தா பெயரையும் கேட்டுவிடுவார்கள். ஊர் கேட்காத மனிதர்களை நம்பலாமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுச் சித்தப்பா வந்தார். "நாளைக்குக் கடையில இருப்பியாடா ரவி? பயிர் மஞ்சளாப் போகுது, மருந்து வேணும்."

"நாளைக்குக் கும்பகோணம் போறேன் சித்தப்பா."

"எதுக்கு?"

"தம்பிக்குப் பொண்ணு பாக்க." தம்பி சிங்கப்பூரில் இருந்தான். பொய் தானாக வாயில் வந்து விழுந்தது.

"நல்ல காரியத்துக்கு ஒத்தை ஆளாவா போவாங்க?" என்று சித்தப்பா தன்னைச் சேர்த்துக்கொண்டார். பெண்ணைப் பார்க்கப் பெண் கண் வேண்டும் என்று சித்தி சேர்ந்தார். மூன்று பேராகப் போகக் கூடாது என்று மாலதியையும் சேர்த்தார்கள். மறுநாள் காலை கார் வந்து நின்றது. சித்தி மடியில் ஒரு தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், அரைக் கிலோ அசோகா அல்வா. டிக்கியில் மாலதியின் பை. கும்பகோணத்திலிருந்தே அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் இருக்கிறது.

"கார்லயே இருங்க. அவங்க ரெடியான்னு பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடம் தலையைக் காட்டுவது, கீழே வந்து 'ஜாதகம் பொருந்தலையாம்' என்பது, மாலதிக்குக் கூட்டத்துக்குப் போன கணக்கு. (எத்தனை அழகான திட்டம்!)

நாற்காலி சூடாவதற்குள் வாசலில் சித்தப்பாவின் குரல், பின்னால் தட்டோடு சித்தியும் மாலதியும். "பன்னெண்டுக்கு எமகண்டம் ஆரம்பிச்சிடும்டா! வணக்கம், வணக்கம். நாங்க மாப்பிள்ளை வீடு."

கூட்டத்தை நடத்திய கண்ணாடிக்காரர் அசரவில்லை. "யார் வந்தாலும் சந்தோஷம். உக்காருங்க. இங்க யாரையும் கேள்வி கேக்குறதில்ல."

"பெரிய இடம்" என்று சித்தப்பா சித்தியிடம் கிசுகிசுத்தார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஒருவர் எழுந்தார். "என் பேரு சேகர். நான் குடிநோயாளி. விட்டுப் பதினாலு மாசம் ஆகுது."

"பொண்ணோட அப்பாவா?" என்றார் சித்தப்பா.

"மறைக்காமச் சொல்றாரே, நல்ல மனுஷன்" என்றார் சித்தி.

அடுத்தவர் எழுந்து அதையே சொன்னார். அவரைப் பெண்ணுக்குப் பெரியப்பா முறை என்று சித்தப்பா வைத்துக்கொண்டார். மூன்றாமவரும் சொன்னதும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "போதும்! வீடு மொத்தமும் குடியா? நம்ம குடும்பத்துல ஒருத்தன் தொட்டிருப்பானா? இந்தச் சம்பந்தம் வேணாம். கிளம்புடா ரவி!"

கிளம்பியிருக்கலாம். சித்தப்பாவே எனக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். மாலதி என்னைப் பார்க்கவில்லை. கார் நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். "என் பேரு ரவி. நான் குடிநோயாளி. விட்டு... நேத்திலேர்ந்து" என்றேன். அப்புறம், "பொண்ணுன்னு யாரும் இல்ல சித்தப்பா. பொய் சொன்னேன்."

சித்தப்பா மெதுவாக உட்கார்ந்தார். சித்தி எழுந்துபோய்த் தட்டைக் கண்ணாடிக்காரர் முன்னால் வைத்தார். "கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க. எல்லாரும் எடுத்துக்குங்க."

எல்லோரும் அசோகா சாப்பிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய் நிறைய அசோகாவை வைத்துக்கொண்டு அழுவது லேசான வேலை இல்லை. மாலதியின் பை எங்களோடு அதே காரில் வீடு திரும்பியது.

தெருவில் கேட்டவர்களிடம் சித்தப்பா, "பொண்ணு பாத்தோம், அவசரப்படாம முடிவு பண்ணணும்" என்று சொல்லி முடித்துவிட்டார். அவர் வாழ்நாளில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது. தம்பிக்குத் திருவாரூரில் பெண் எடுத்தோம்; அவன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் மட்டும் இன்னும் ஞாயிறுதோறும் வேட்டி கட்டிக்கொண்டு கும்பகோணம் போகிறேன்.

திரும்பி வந்ததும் மாலதி கேட்பாள்: "பொண்ணு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க."